சூலக்காரிக் காசு

எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் வரத் தாமதமானால் யாரும் லிப்டைத் திட்டமாட்டார்கள். ஆறாம் மாடி அக்காவைத்தான் திட்டுவார்கள். வீட்டைப் பூட்டுவார், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், லிப்டுக்குள் வந்து நிற்பார், கதவு மூடப்போகிற நேரத்தில் கையை நீட்டித் தடுத்து, "ஒரு நிமிசம் லா தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வீட்டுக்கு ஓடுவார். பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்பது எதிர்வீட்டுக்காரனான என் தலையெழுத்து. நான் பொறுமைசாலி இல்லை. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குப் பொறுமை கட்டுப்படியாகாது. வாய்க்குள் முனகிக்கொண்டே நிற்பேன். இப்போது அவர் வீடு மாறிப் போய்விட்டார், லிப்டும் நேரத்துக்கு வருகிறது.

அக்காவுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. ஒல்லி உடம்பு, வேக நடை. பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே மகள், கட்டிக்கொடுத்தது கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில். அக்கா நின்றுகொண்டே சாப்பிடுவார். வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போய் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். ஏதோ வியாதி என்றுதான் நான் நினைத்தேன். என் மனைவி, வியாதியுமில்லை ஒன்றுமில்லை, அந்த வீட்டுக்குள் என்னமோ இருக்கிறது என்றாள்.

இருந்தது வெள்ளிக்காசு. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை அக்கா பழைய வெள்ளிக்காசுகளாக மாற்றியிருந்தார். தாடி வைத்த ராஜாவின் தலை போட்ட ஐம்பது காசுகள், யார் இடுப்பிலோ முடிந்து கப்பலேறி வந்த இந்திய ரூபாய்கள், வெள்ளைக்காரன் காலத்து டாலர்கள். அந்த டாலர்களில் ஒரு வகை மேல் அவருக்கு உயிர். ஒரு பக்கம் கையில் சூலத்தோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் தூரத்தில் கப்பல். மறுபக்கம் சீன எழுத்தும் அரபி போலிருக்கும் ஜாவி எழுத்தும். அதற்கு வெள்ளைக்காரன் என்ன பெயர் வைத்தானோ, அக்காவுக்கு அது சூலக்காரி. "மூணு சூலக்காரி வந்திருக்காளாம், போலாமா தம்பி?" என்று கேட்டால் நான் காரை எடுக்க வேண்டும்.

தங்கமாக வாங்கியிருக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். தங்கத்தைக் கழுத்தில் போட்டால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அறுத்துக்கொண்டு போவான், பேங்கில் பணமாகப் போட்டால் சொந்தக்காரனுக்கு மூக்கில் வேர்க்கும் என்று அடுக்கினார். கறுத்துப்போன பழைய காசை எவனும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டானாம். ஒரு காசையும் துலக்க விடமாட்டார். பளபளவென்று துலக்கிவிட்டால் சேகரிப்பவர்களிடம் விலை போகாது என்பது ஒரு காரணம். கறுப்பாக இருக்கிற வரைக்கும்தான் அது நம்ம காசு என்பது அவருடைய சொந்தக் காரணம். தனக்காக இல்லை, எல்லாம் மகளுக்காக என்று நூறு தடவை சொல்லியிருப்பார். தான் கண்ணை மூடிய பிறகு அவள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நிதானப்படும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போவோம். பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, பித்தளை விளக்கு என்று தரையில் பரப்பிக்கிடக்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சீனப் பெரியவர் காசு வைத்திருப்பார். சூலக்காரியில் போலி அதிகம். அக்கா காதால்தான் சோதிப்பார். காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்ட வேண்டும். வெள்ளி என்றால் மணிபோல நீளமாக ஒலிக்கும், போலி என்றால் டொக்கென்று நின்றுவிடும். நல்லது பாடும், போலி இருமும் என்பார். அந்தச் சந்தை இரைச்சலில் பாட்டு எங்கே கேட்கிறது? ஆகவே தன் கைத்தொலைபேசியைப் பெரியவரிடம் பிணையாக விட்டுவிட்டுக் காசோடு என் காருக்கு ஓடிவருவார். நான் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும். அந்த வெயிலில் இரண்டு பேரும் வேர்த்து வடிய உட்கார்ந்து காசு பாடுவதைக் கேட்போம். ஒருமுறை கேட்டால் போதாது, கடைசியில் கொஞ்சம் இருமுகிறதா பார் என்று திரும்பத் திரும்பத் தட்டுவார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். பாடுது, பாடுது, இறங்குங்க என்பேன்.

வாங்கிய பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. வெள்ளி விலையைத் தொலைபேசியில் பார்த்தபடியே இருப்பார். ஏறினால் விற்கலாமா என்று கவலை, இறங்கினால் ஏறியபோதே விற்றிருக்கலாமே என்று கவலை. ஒரு காசைக்கூட அவர் விற்று நான் பார்த்ததில்லை. போதாததற்கு, ஒரே இடத்தில் இருக்கிற பொருள் திருடனுக்குச் சொந்தம் என்று ஒரு கொள்கை வேறு. காசுகள் அரிசி டின்னிலிருந்து சலவைத்தூள் பைக்குப் போகும், அங்கிருந்து சாமி மேடைக்கு அடியில், அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீனுக்குக் கீழே. வங்கியில் பெட்டகமும் எடுத்துப் பார்த்தார். விடுமுறைக்கு வங்கி மூடியிருந்தபோது சோறு இறங்கவில்லை என்று, திறந்த அன்றே எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சில சமயம் எங்கே வைத்தோம் என்பது அவருக்கே மறந்துவிடும். அந்த மாதிரி நாளில் குழாய் பழுதுபார்க்க வந்தவன், சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்தவன் எல்லாரும் அவர் கண்ணில் கள்ளர்கள். பொருள் கிடைத்ததும் அதே ஆட்களுக்கு அடுத்த முறை காப்பியும் கேக்கும் கிடைக்கும். எனக்குச் சிரிப்பு வரும். கோபமும் வரும்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கியது. சம்பந்தியம்மா நல்லவர்தான் என்றாலும் பிரசவத்துக்குத் தான்தான் போகப்போவதாகவும், பத்தியச் சோறு தன் கையால்தான் என்றும், முப்பது நாளும் மகள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளப் போவதாகவும் என் மனைவியிடம் சொன்னார். மகளும் அதைத்தான் கேட்டிருந்தாள். அவளுக்கு அப்பாவும் இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை. பெருங்காயம், பூண்டு, சாரணை வேர் என்று அக்கா அப்போதே வாங்கத் தொடங்கிவிட்டார். காசைத் தவிர வேறொன்றுக்காக அவர் பரபரத்து நான் பார்த்தது அந்தச் சில வாரம்தான்.

அதற்குள் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு விருந்தாளிகள் உள்ளே வருவார்கள் போவார்கள், பழைய ஒளிவிடம் எதுவும் சரிப்படாது என்று அக்கா புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். முறுக்கு டின். இருந்ததிலேயே நல்ல சூலக்காரிகளை நீல மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின்னின் அடியில் அடுக்கி, மேலே அளவாக வெட்டிய அட்டையை வைத்து நாடா ஒட்டி, அதன்மேல் காகிதம் விரித்து, வாய்வரை முறுக்கு நிரப்பி, மற்ற முறுக்கு டின்களுக்குப் பின்னால் வைத்தார். திருடன் முறுக்குத் தின்னவா வருவான்?

திருடன் வரவில்லை. மகள் வந்தாள். அக்கா கோவிலுக்குப் போயிருந்த நேரம், வருடா வருடம் கொடுப்பதுபோல கீழ்மாடி மலாய்க்கார அக்காவுக்கு, நாங்கள் எல்லாரும் காக் என்று கூப்பிடுகிறவருக்கு, ஒரு டின் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா திரும்பி வந்ததும் அதைச் சொன்னாள். காக் சின்ன வயதிலிருந்து தன்னைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், இருந்ததில் கனமான டின்னாகப் பார்த்துப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அது எந்த டின் என்று அக்கா மகளிடம் சொல்லவில்லை. பண்டிகை நாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, தன் கையால் போனது என்று தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாள். அன்றைக்கே கீழே போய், டின் மாறிவிட்டது என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கொடுத்த பலகாரத்தைத் திரும்பக் கேட்பதா என்று ஒரு நாள் தயங்கினார். மறுநாள் கேட்டால் நேற்று ஏன் கேட்கவில்லை என்று வரும். ஒரு வாரம் போனதும் கேட்கவே முடியாமல் போய்விட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அக்கா லிப்டில் வருவதை விட்டுவிட்டு எந்நேரமும் படிக்கட்டில் நிற்பதை மட்டும் பார்த்தேன். படிக்கட்டின் வளைவில் நின்றால் காக்கின் சமையலறை ஜன்னல் தெரியும். ஜன்னல் வழியே அலமாரி தெரியும். அலமாரி மேல் நீல மூடி போட்ட டின் தெரியும். ஒருநாள் அங்கே மடக்கிப் பிடித்து, என்ன விஷயம் என்று கேட்டேன். முழுக் கதையும் கொட்டினார். போய்க் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று நான் கீழே இறங்கப் போனேன். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. இப்பப் போய்க் கேட்டா, இத்தன நாளும் நான் அவங்கள சந்தேகப்பட்டேன்னு ஆயிடும். என் வீட்டுக்காரர் செத்தன்னைக்கு என்கூட உக்காந்திருந்தவங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"அப்ப சந்தேகம் இல்லீல்ல? விட்டுட்டுப் போங்க லா."

"சந்தேகம் இல்ல. ஆனா விட்டுட்டும் போக முடியல."

அவர் சொன்னது உண்மைதான். காக் திருடுவார் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. யாராவது எடுத்துப் போட்டுவிட்டால், பேரப்பிள்ளைகள் பிரித்து விளையாடினால், டின் ஓட்டையாகிவிட்டால் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் போவார், வெங்காயம் கேட்கிற சாக்கில் போவார், பேசிக்கொண்டே அலமாரியைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் டின் அங்கே இல்லை. அன்று மாலை வரை படிக்கட்டிலேயே கிடந்தார். மாலையில் காக் அலமாரியைத் துடைத்துவிட்டு டின்னை மறுபடி ஏற்றி வைத்தார். அக்கா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

மகளுக்கு நாள் நெருங்கியது. வருகிறேன் வருகிறேன் என்று அக்கா போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் காய்ச்சல் என்றார், பிறகு முட்டி வலி என்றார். மகள் எனக்கே அழைத்துவிட்டாள். "அண்ணே, அம்மாவுக்கு நெஜமாவே உடம்பு சரியில்லையா? இல்ல என் மேல எதாச்சும் கோவமா?" என்று கேட்டாள். கோபமெல்லாம் இல்லை, அம்மாவிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு, நேராக எதிர்வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அக்கா வாங்கி வைத்த பெருங்காயமும் பூண்டும் ஒரு பையில் கட்டித் தயாராக வாசல் பக்கம் இருந்தன. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

குழந்தை நோன்பு மாதத்தின் தொடக்கத்தில் பிறந்தது. பெண் குழந்தை. நான்தான் அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலருகே நின்றார், குழந்தையின் பாதத்தைத் தொட்டார், மகளின் தலையைக் கோதினார், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பலாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரவு இருக்கச் சொன்னாள். நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றார். பாலத்தில் வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹார்னை அடித்துக்கொண்டே வந்தேன். காரணம் எனக்குத் தெரியும். ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, முன்னால் மலாய்க்காரர் வீடுகளில் ஒட்டடை அடித்து வேண்டாத சாமான்களைத் தூக்கிப் போடுவார்கள். காக்கின் மகன்கள் அன்று காலைதான் பழைய பெட்டிகளைக் கீழே இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த மாதம் முழுக்க அக்கா குப்பைத் தொட்டிப் பக்கமும் படிக்கட்டிலுமாக அலைந்தார். கெப்பாலா பத்தாஸில் மகளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றியதும், பத்தியச் சோறு போட்டதும், குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டியதும் சம்பந்தியம்மா. மகள் தினமும் அனுப்பும் படங்களை அக்கா படிக்கட்டில் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டுத் தொலைபேசியை மார்போடு வைத்துக்கொள்வார். எனக்குப் பாவமாக இருக்கும். மறுகணமே தலையில் குட்டலாம்போல இருக்கும்.

ராயா காலையில் எங்கள் நடைக்கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டுக் கதவைத் திறந்தேன். புது பாஜு குரோங் உடுத்திய காக், அக்கா வீட்டு வாசலில் நீல மூடி டின்னோடு நின்றுகொண்டிருந்தார். வாங்கியதிலிருந்து திருப்பித் தரவேயில்லை, தப்பாக நினைக்காதே என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டின் கோசோங் மானா போலே பாகி, அக்கா."

வெறும் டின்னை எப்படிக் கொடுக்கிறது என்கிறார். ராயாப் பலகாரம் போட்டுத்தான் தர வேண்டும் என்று முறுக்குத் தீர்ந்த அன்றைக்கே அலமாரி மேல் எடுத்து வைத்துவிட்டாராம். மகன்கள் தூக்கிப் போடப் பார்த்தார்களாம், அக்காவின் டின் என்று அதட்டினாராம். கனமான பழைய காலத்து டின், இப்போதெல்லாம் இந்த மாதிரி எங்கே கிடைக்கிறது என்று அதன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அடியில் ஒட்டிய அட்டை எண்ணெய் இறங்காமல் இருப்பதற்கு என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறார். நம் வீடுகளிலும் இதே பழக்கம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் என் அம்மா முதுகில் ஒன்று வைப்பார். அக்காவே காக்கின் எத்தனையோ கிண்ணங்களைக் கேசரியோடு திருப்பியிருக்கிறார். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை, நினைவுக்கு வரத்தான் இல்லை.

காக் படியிறங்கியதும் அக்கா பலகாரத்தைத் தட்டில் கவிழ்த்து அட்டையைப் பிய்த்தார். சூலக்காரிகள் வைத்தது வைத்தபடி கறுப்பாகக் கிடந்தார்கள். ஒன்றை எடுத்துத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே பலகாரத்தை மேலே நிரப்பி மூடினார்.

"காடிய எடு தம்பி. மவ வீட்டுக்குப் போவோம்."

பண்டிகைக்குச் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போகிற கூட்டம், பாலத்தில் வண்டி நகரவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் இன்றைக்கே மகளிடம் கொடுத்துவிடப் போகிறாராம். வீட்டில் மிச்சமிருப்பதையும் அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம். இனிமேல் அது அவள் பொறுப்பு, தனக்குப் பேத்தியைத் தூக்கி வைத்திருப்பதுதான் வேலை. முன்னால் நிற்கிற லாரிக்காரனை இரண்டு தடவை திட்டினார். எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது.

மகள் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலத் தேநீர் வந்தது. சம்பந்தியம்மா குழந்தையோடு உள்ளே இருந்தார். அக்கா டின்னை மகள் மடியில் வைத்துத் தீபாவளியிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் பலகாரத்தை ஒதுக்கி ஒரு சூலக்காரியை எடுத்துப் பார்த்தாள். திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள்.

"இதுக்காகவா மா வரல?"

"ஒனக்குத்தான் மா சேத்தேன்."

"தெரியும் மா."

காசை உள்ளே போட்டு மூடியை அழுத்தி, டின்னை அக்காவின் காலடியில் இறக்கி வைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இத இங்க வச்சிட்டுப் போவாதீங்க மா. அப்புறம் நானும் இந்தப் புள்ளைய விட்டுட்டு இதப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அக்கா பேத்தியைக் கேட்டார். மகள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்து, அக்கா சத்தமில்லாமல் அழுதார். குழந்தை கண்ணை விழித்து அவரைப் பார்த்தது. வாசல் திறந்திருந்தது, தெருவில் ராயாக் காசு வாங்கப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவின் வலது கால் டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது. மகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.